பதில் வராத பரிவர்த்தனை

நான் எழுதிய நிரல் ஒன்று, ஒருவருக்கு ஒரு முறை சேர வேண்டிய தொகையை இரண்டு முறை அனுப்பிவிட்டது. எத்தீரியம் என்பது பல கணினிகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கேடு; பரிவர்த்தனைகள் பிளாக் என்ற தொகுப்புகளாக அதில் சங்கிலிபோலச் சேர்வதால் அதைப் பிளாக்செயின் என்பார்கள். அதன் வழியாகக் குறித்த நேரத்தில் பலருக்குப் பணம் பிரித்து அனுப்புவது என் நிரலின் வேலை. அன்று ஒருவருக்கு அனுப்பும்போது, காத்திருப்பு நேரம் கடந்துவிட்டது என்ற பிழைச்செய்தி வந்தது. பிழை வந்தால் மீண்டும் முயல வேண்டும் என்று நான் எழுதிவைத்திருந்தபடி நிரலும் மீண்டும் முயன்றது. மறுநாள் கணக்குப் பார்த்தபோது இரண்டு பரிவர்த்தனைகளும் சங்கிலியில் ஏறியிருந்தன. இரண்டுக்கும் வெற்றி என்றே ரசீது இருந்தது. சங்கிலியில் ஏறிய பணத்தைத் திரும்பப் பெற யாரிடமும் விண்ணப்பிக்க முடியாது. பெற்றவர் தாமாக முன்வந்து திருப்பி அனுப்பியதால்தான் அந்தக் கணக்கு நேரானது.

அந்த நிரலில் பிளாக்செயினோடு பேசும் பகுதி மொத்தம் ஏழெட்டு வரிகள்தான். எத்தீரியக் கணுவோடு (நோடு) பேசுவதற்கென்றே பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு, அதாவது நிரலகம் (லைப்ரரி) ஒன்றை இணைத்துக்கொண்டேன். இருப்பைக் கேட்டால் அது சொன்னது. அனுப்பச் சொன்னால் அனுப்பியது. அந்த வரிகளுக்கும் சங்கிலிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அதுவரை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. அந்தத் தவறுக்குப் பிறகு சில வாரங்கள் நிரலகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அது செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக நானே கையால் செய்து பார்த்தேன்.

முதலில் தெரிந்தது, பேச்சு மிகவும் எளிமையானது என்பதுதான். கணு என்பது பிளாக்செயினின் பிரதியை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு பிளாக்கையும் தானே சரிபார்க்கும் ஒரு நிரல். அது ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும். கெத் போன்ற கணுக்களில் வழக்கமாக எச்டிடிபி வழிக்கு 8545, வெப்சாக்கெட் வழிக்கு 8546 என்பவை அந்த வாசலின் எண்கள். அங்கே ஜேசன்-ஆர்பிசி என்ற முறையில் ஒரு சிறு கடிதத்தை அனுப்ப வேண்டும். முறையின் பதிப்பு 2.0 என்ற குறிப்பு, கேள்விக்கு ஓர் அடையாள எண், அழைக்கும் செயலின் பெயர், அதற்கான உள்ளீடுகள் ஆகியவை அதில் இருக்கும். பதிலில் அதே அடையாள எண்ணோடு ஒரு விடையோ ஒரு பிழையோ வரும். 'எத்_பிளாக்நம்பர்' என்று கேட்டால் கடைசி பிளாக்கின் எண் 16-ஐ அடிமானமாகக் கொண்ட பதினறும வடிவில், மேற்கோள் குறிக்குள் அடைத்த எழுத்துச் சரமாக வந்து சேரும். இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளை ஒன்றே இதற்குப் போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஈத்தர்ஸ், வியெம், பைத்தானில் வெப்3.பை, ஜாவாவில் வெப்3ஜே, ரஸ்ட்டில் அலாய் என எந்த நிரலகத்தை எடுத்தாலும், அடியில் ஓடுவது இந்தக் கடிதப் போக்குவரத்துதான்.

எண்கள் ஏன் எழுத்துச் சரமாக வருகின்றன என்ற கேள்வி எனக்கு முதலில் அற்பமாகத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் ஒன்று, அதன் மிகச் சிறிய அலகான வெய்யில் 10-இன் அடுக்கு 18. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை பிழையில்லாமல் தாங்கக்கூடிய மிகப்பெரிய முழு எண் 9007199254740991. அதாவது 0.009 ஈத்தரைச் சற்றுத் தாண்டியதுமே, கடைசி இலக்கங்கள் ஓசையில்லாமல் பிசகத் தொடங்கிவிடும். ஈத்தர்ஸ் நிரலகத்தின் 5-ஆம் பதிப்பு இதற்கென்று தனியாக ஒரு பேரெண் வகையை வைத்திருந்தது. 6-ஆம் பதிப்பு மொழியிலேயே பின்னர் வந்து சேர்ந்த பிக்இன்ட் வகைக்கு மாறியது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை. நிரலகம் நமக்காகச் செய்யும் முதல் உதவி இந்த மொழிபெயர்ப்பு. அதன் கையிலிருந்து பேரெண்ணை வாங்கி, திரையில் காட்டுவதற்கு வசதி என்று சாதாரண எண்ணாக மாற்றி, அந்த மாற்றிய எண்ணிலேயே கணக்கும் போட்ட நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றுவதென்றால் கடைசிப் படியில், காட்டுவதற்கு மட்டும் மாற்ற வேண்டும்.

டோக்கன் (எத்தீரியத்தின் மேல் ஒரு நிரலால் உருவாக்கப்பட்ட நாணயம்) ஒன்றின் இருப்பைக் கையால் கேட்டுப் பார்த்தது இன்னும் நல்ல பாடமாக இருந்தது. டோக்கனை நடத்துவது ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது சங்கிலியிலேயே பதிந்து ஓடும் நிரல். அதற்குள் இருக்கும் செயற்கூறுகளின் பெயர் கணுவுக்குத் தெரியாது. 'பேலன்ஸ்ஆஃப்' என்ற பெயரையும் அதன் உள்ளீட்டு வகையையும் சேர்த்தெழுதிய சரத்தைக் கெச்சாக்-256 முறையில் ஹாஷ் செய்து (எந்த நீளத் தரவையும் நிலையான நீளமுள்ள ஒரு குறியீடாகச் சுருக்கி), விடையின் முதல் 4 பைட்டுகளை மட்டும் எடுக்க வேண்டும். 70ஏ08231 என்பது அந்த 4 பைட். அதன் பின்னால், 20 பைட் நீளமுள்ள முகவரியை முன்பக்கம் பூஜ்யங்கள் நிரப்பி 32 பைட்டாக ஒட்டி, 'எத்_கால்' வழியாக அனுப்பினால் 32 பைட் பதில் வரும். நான் முதலில் மொழியோடு வந்த ஷா3-256 செயற்கூற்றைப் பயன்படுத்தி, வேறு ஏதோ 4 பைட்டைப் பெற்று, அரை நாள் தடுமாறினேன். எத்தீரியம் எடுத்துக்கொண்டது ஷா3 தரமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய கெச்சாக் வடிவம். 2015-இல் வெளியான தரத்தில், உள்ளீட்டின் இறுதியை நிரப்பும் முறை மாறிவிட்டதால் இரண்டும் ஒரே சரத்துக்கு வெவ்வேறு விடை தரும்.

வந்த 32 பைட்டின் பொருள் என்ன என்பதையும் கணு சொல்லாது. யுஎஸ்டிசி டோக்கனுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கம், டாய் டோக்கனுக்கு 18 இலக்கம். ஒரே எண்ணை இரண்டு விதமாகப் படித்தால் கிடைக்கும் தொகைகளுக்கு நடுவே பன்னிரண்டு பூஜ்யங்கள் வித்தியாசம் இருக்கும். நாம் கொடுக்கும் ஏபிஐ (ABI) என்ற விவரப் பட்டியலை நம்பித்தான் நிரலகம் அந்தப் பைட்டுகளுக்குப் பெயரும் வகையும் சூட்டுகிறது. பட்டியல் தவறாக இருந்தும் வடிவம் பொருந்திவிட்டால், தவறான பொருளை எந்தத் தயக்கமும் இல்லாமல் அது கையில் கொடுத்துவிடும். முகவரியில் கான்ட்ராக்டே இல்லையென்றால் கணு காலியான பதிலைத் தரும். நிரலகம் அதைப் பிரிக்க முடியாமல் பிழை காட்டும். அந்தப் பிழையை எதிர்கொள்பவர்களில் பலர் உண்மையில் வேறு சங்கிலியின் கணுவோடு இணைந்திருப்பார்கள். அதனால் என் நிரல்கள் இப்போது தொடங்கியவுடன் 'எத்_செயின்ஐடி' கேட்டு, எதிர்பார்த்த எண் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுகின்றன.

இனி, பணம் இரண்டு முறை போன கதைக்கு வருகிறேன்.

பரிவர்த்தனையைக் கையொப்பமிடுவது கணுவின் வேலை அல்ல. கையொப்பமிடப் பயன்படும் ரகசிய எண்ணான தனிச்சாவி நம் நிரலிடமே இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, கேஸ் (செயலுக்கான கணிப்பு வேலையின் அலகு) வரம்பு, கட்டணம், சங்கிலி எண், நான்ஸ் என்ற வரிசை எண் ஆகியவற்றைக் கோத்து, நிரலகம் நம் கணினியிலேயே கையொப்பமிட்டு, கிடைத்த பைட்டுகளை 'எத்_சென்ட்ராடிரான்ஸாக்ஷன்' மூலம் கணுவிடம் ஒப்படைக்கிறது. கணு பதிலாக ஒரு ஹாஷைத் தருகிறது. அந்த ஹாஷ் கைக்கு வந்ததும் பணம் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பதிலுக்கு அவ்வளவு பொருள் கிடையாது. 'உன் பரிவர்த்தனையைப் பார்த்தேன், வடிவம் சரியாக இருக்கிறது, என் காத்திருப்புக் குளத்தில் போட்டிருக்கிறேன்' என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. அந்தக் குளத்திலிருந்து அது பிளாக்குக்குள் போகலாம். போகாமலே வெளியே தள்ளப்படவும் செய்யலாம்.

எனக்கு இன்னும் பெரிய திறப்பாக அமைந்தது, அந்த ஹாஷைத் தருவதற்குக் கணுவே தேவையில்லை என்பது. கையொப்பமிட்ட பைட்டுகளைக் கெச்சாக்-256 செய்தால் வருவதுதான் பரிவர்த்தனையின் ஹாஷ். அனுப்புவதற்கு முன்பே அது நமக்குத் தெரியும். அதை நான் முதலிலேயே குறித்துவைத்திருந்தால், பதில் வராமல் போன அந்த நிமிடத்தில் என் நிரல் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாக இருந்திருக்கும்: இந்த ஹாஷுக்கு ரசீது உண்டா, இந்தப் பரிவர்த்தனை உன் குளத்தில் இருக்கிறதா? நான் கேட்டதோ வேறு. காத்திருப்பு நேரம் கடந்தது என்றால் எனக்குப் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள். கணு கடிதத்தைப் பெற்றுக்கொண்டதா என்பதைப் பற்றி அந்தச் செய்தி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நான் தோல்வி என்று வாசித்தேன்.

அப்படி வாசித்த பிறகும் ஒரு பூட்டு என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு முகவரியிலிருந்தும் புறப்படும் பரிவர்த்தனைகளுக்கு 0, 1, 2 என்று இடைவெளியில்லாத வரிசை எண் உண்டு. ஒரு நான்ஸுக்கு ஒரே ஒரு பரிவர்த்தனைதான் சங்கிலியில் ஏற முடியும். முதல் முயற்சியின் நான்ஸ் 41 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது முயற்சியும் 41 என்றே போயிருந்தால், இரண்டில் ஒன்று மட்டுமே ஏறியிருக்கும். என் நிரலில் மறுமுயற்சி என்பது, அனுப்பும் செயற்கூறு முழுவதையும் தொடக்கத்திலிருந்து ஓட்டுவதாக இருந்தது. அதன் முதல் படியாக நிரலகம் கணுவிடம், இந்த முகவரியின் அடுத்த நான்ஸ் எது என்று, குளத்தில் காத்திருப்பவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'பெண்டிங்' நிலையை வைத்துக் கேட்டது. முதல் பரிவர்த்தனை குளத்தில் காத்திருந்ததால், 42 என்று கணு நேர்மையாகவே பதில் சொன்னது. நிரலகமும் நேர்மையாகவே 42-ஐப் போட்டுப் புதிதாகக் கையொப்பமிட்டது. கேட்ட கேள்விக்கு இருவரும் சரியாகப் பதில் சொன்னார்கள். சங்கிலியின் பார்வையில் அவை ஒரே முகவரிக்குப் போகும் இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள். அவை ஒரே கடனைத் தீர்க்க வந்தவை என்பது என் தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஆகவே மறுமுயற்சி என்ற சொல்லை இப்போது நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கையொப்பமிட்ட அதே பைட்டுகளை எத்தனை முறை அனுப்பினாலும் ஆபத்தில்லை. கணு ஏற்கெனவே அறிந்தது என்றோ, நான்ஸ் பழையது என்றோ சொல்லித் திருப்பிவிடும். நிரலகங்கள் தாமாகச் செய்யும் மறுமுயற்சிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றால் கேடு வராது. ஆபத்து, கையொப்பத்தையே புதிதாக உருவாக்கும் மறுமுயற்சியில் இருக்கிறது. என் நிரல் இப்போது செலுத்த வேண்டிய ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நான்ஸைத் தரவுத்தளத்தில் ஒதுக்கி, கையொப்பமிட்டு, பைட்டுகளையும் ஹாஷையும் எழுதிவைத்த பிறகே கணுவின் வாசலுக்குப் போகிறது. கட்டணம் போதாமல் பரிவர்த்தனை தேங்கிவிட்டால், அதே நான்ஸில் கட்டணத்தைக் கூட்டிப் புதிய பைட்டுகளை உருவாக்குகிறது. கெத் கணுவில் பழையதை மாற்ற இயல்பாகக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் கட்டணம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஏற்க மறுத்துவிடும். அப்படி மாற்றும்போது பழைய ஹாஷை அழிப்பதில்லை. பழையது மற்றொரு கணுவின் குளத்தில் இருந்து முந்திக்கொண்டு ஏறிவிடலாம் என்பதால், ஒரு தொகையின் கீழ் எத்தனை ஹாஷ்கள் உண்டோ அத்தனைக்கும் ரசீது தேட வேண்டியிருக்கிறது. நான்ஸ் பழையது என்ற பிழையைக் கண்டதும் வெற்றி என்று குறித்துவிடவும் கூடாது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டது நம்முடைய எந்தப் பரிவர்த்தனை என்று ரசீதைப் பார்த்த பிறகே குறிக்க வேண்டும். ரசீது இருப்பதும் போதாது, அதிலுள்ள நிலை 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் கட்டணம் மட்டும் செலவாகி, வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. 41 தேங்கினால் 42, 43 எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அவசரம் என்று ஒன்றைத் தாண்டி அனுப்ப வழியில்லை. மிகவும் நெருக்கடியானால், அதே நான்ஸில் நம் முகவரிக்கே பூஜ்யம் ஈத்தர் அனுப்பி அந்த இடத்தை நிரப்பலாம். அதற்கு ஆகும் கேஸ் வழக்கம்போல 21000.

அனுப்புவதில் இருந்த சிக்கலைத் தீர்த்த பிறகு, படிப்பதிலும் அதே வகைச் சிக்கல் இருப்பதைச் சில மாதங்கள் கழித்துக் கண்டேன். டோக்கன் வரவுகளைப் பதிவுசெய்யும் வேறொரு நிரல், அவ்வப்போது ஒரு வரவை மட்டும் விட்டுவிட்டது. கடைசி பிளாக்கின் எண்ணைக் கேட்டு, அதுவரையிலான நிகழ்வுகளை (கான்ட்ராக்டுகள் சங்கிலியில் எழுதும் குறிப்புகளை) 'எத்_கெட்லாக்ஸ்' மூலம் வாங்கி, அந்த எண்ணை முடித்ததாகக் குறித்துக்கொள்வது அதன் நடைமுறை. தர்க்கத்தில் ஓட்டையே தெரியவில்லை. நிரலகத்தில் நான் கொடுத்திருந்தது ஒரே ஒரு கணுவின் இணைய முகவரி. அந்த முகவரிக்குப் பின்னால் பல கணுக்கள் இருந்தன, கேள்விகளை ஒரு சுமைப் பகிர்வி அவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. புதிய பிளாக்கைப் பார்த்துவிட்ட கணு எண்ணைச் சொன்னது. நிகழ்வுகளைக் கேட்ட கேள்வி, அந்தப் பிளாக் இன்னும் வந்து சேராத மற்றொரு கணுவிடம் போனது. தனக்குத் தெரியாத பிளாக்கில் நிகழ்வு எதுவும் இல்லை என்று அது காலிப் பட்டியலைத் தந்தது. காலிப் பட்டியல் பிழை அல்ல. நிரல் மகிழ்ச்சியோடு அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிட்டது.

நிரலகம் ஒரே கணுவைப் போலத் தோற்றமளிப்பதுதான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் நாம் கேட்கும் கேள்விகள், இரண்டு வெவ்வேறு நினைவுகளைக் கொண்ட இரண்டு பேரிடம் போகின்றன. இதற்கு மருந்து எண்ணால் கேட்பதை விட்டு ஹாஷால் கேட்பது. எத்_கெட்லாக்ஸில் பிளாக் வரம்புக்குப் பதிலாகப் பிளாக்கின் ஹாஷையே கொடுக்க முடியும். அந்த ஹாஷை அறியாத கணு, காலிப் பட்டியலைத் தராமல் எனக்குத் தெரியாது என்று பிழையாகவே சொல்லும். இல்லை என்பதும் தெரியாது என்பதும் அப்போது தனித்தனிப் பதில்களாகி விடுகின்றன. வாசிக்கும் நிரலுக்கு இதைவிட வேண்டிய ஒன்று வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாஷால் கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சங்கிலியின் நுனி சில நேரம் மாறும். ஒரே எண்ணுள்ள பிளாக்கின் இடத்தில் வேறொரு பிளாக் வந்து அமரும். அடுத்த பிளாக்கில் பதிந்திருக்கும் முந்தைய பிளாக்கின் ஹாஷ் (தாய் ஹாஷ்) நான் குறித்துவைத்த ஹாஷோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே, மாற்றம் நடந்தது தெரிந்துவிடும். நிகழ்வுகளை வரும்போதே தெரிவிக்கும்படி வெப்சாக்கெட் வழியாகச் சந்தா பதிவுசெய்திருந்தால், பின்வாங்கப்பட்ட நிகழ்வு நீக்கப்பட்டது என்ற குறியோடு மறுபடி வரும். ஆனால் இணைப்பு அறுந்திருந்த வேளையில் வந்தவை திரும்பக் கிடைக்காது. அதனால் சந்தாவை நான் ஒரு மணியோசையாக மட்டுமே பயன்படுத்துகிறேன்: ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று அது எழுப்பும், கணக்கை ஹாஷ் வழி எண்ணிப் பார்த்தே எழுதுவேன்.

எவ்வளவு நேரம் காத்திருந்தால் ஒரு வரவை உறுதியானதாகக் கொள்ளலாம் என்ற கேள்விக்கு, 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் பங்குச்சான்று முறைக்கு (ஈத்தரைப் பணயம் வைத்தவர்கள் பிளாக்குகளை உறுதிசெய்யும் முறைக்கு) மாறிய பிறகு நல்ல விடை கிடைத்திருக்கிறது. 12 விநாடிக்கு ஒரு பிளாக்குக்கான ஓர் இடம், 32 இடம் சேர்ந்தால் ஒரு சகாப்தம். எல்லாம் இயல்பாக இருந்தால், இரண்டு முதல் மூன்று சகாப்தங்களில், அதாவது ஏறக்குறைய 13 முதல் 19 நிமிடத்தில், பிளாக் இறுதியாகிவிடும். 'லேட்டஸ்ட்' என்று கேட்கும் இடத்தில் 'ஃபைனலைஸ்டு' என்று கேட்டால், கணு அந்த இறுதியான பிளாக்கைத் தரும். பலர் இன்னும் 'லேட்டஸ்ட்' எண்ணிலிருந்து ஏதோ ஒரு தொகையைக் கழித்து, அதை உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2023 மே 11, 12 ஆகிய இரு நாள்களிலும் எத்தீரியத்தில் பிளாக்குகள் வந்துகொண்டே இருந்தபோதும் இறுதியாவது சிறிது நேரம் தடைப்பட்டது. முதல் நாள் ஏறக்குறைய 25 நிமிடம், மறுநாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கழித்தல் கணக்குப் போட்டவர்களின் நிரலுக்கு அது தெரிந்தே இருக்காது. இறுதியானதைக் கேட்ட நிரல், எண் நகராததைக் கண்டு தானாகவே பொறுத்திருந்திருக்கும்.

சொந்தமாகக் கணு நடத்தினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சில தீரும். இப்போது அதற்கு இரண்டு நிரல்கள் வேண்டும்: பரிவர்த்தனைகளை இயக்கிப் பார்க்கும் கெத், நெதர்மைண்ட், பெசு (Besu) போன்றவற்றில் ஒன்று, ஒருமித்த முடிவைக் கவனிக்கும் லைட்ஹவுஸ், பிரிஸம், டெக்கு போன்றவற்றில் ஒன்று. இரண்டும் தமக்குள் 8551 என்ற தனி வாசல் வழியாகப் பேசிக்கொள்ளும். பழைய நிலையைக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் தனி ஏற்பாடு வேண்டும். சாதாரண முழுக்கணுவாக ஓடும் கெத் அண்மைய 128 பிளாக்குகளின் நிலையை மட்டுமே கையில் வைத்திருக்கும். சுமைப் பகிர்வியின் குழப்பம் போகும், பிறர் சொல்வதை நம்ப வேண்டிய கட்டாயமும் போகும். ஆனால் பதில் வராமல் போவது சொந்தக் கணுவிலும் நடக்கும். நடுவில் வலையமைப்பு என்று ஒன்று இருக்கும்வரை, கடிதம் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைவது இயல்பு.

அதனால் திருத்திய நிரலைச் சோதிக்க, என் கணினியில் ஓடும் ஒரு சோதனைச் சங்கிலிக்கும் நிரலகத்துக்கும் நடுவே சிறியதொரு இடையாள் நிரலை எழுதிவைத்தேன். கேள்வியைக் கணுவுக்கு அப்படியே கொண்டுசேர்க்கும். அனுப்பும் கேள்வியாக இருந்தால், கணு தரும் பதிலை நிரலகத்திடம் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். பழைய நிரலை அதன் வழியாக ஓட்டியபோது, முதல் ஓட்டத்திலேயே இரண்டு பரிவர்த்தனைகள் ஏறின. புதியதை ஓட்டினேன். பதில் வரவில்லை என்று அது பதிவுசெய்தது, எழுதிவைத்த ஹாஷுக்கு ரசீது கேட்டது, கிடைக்காததால் அதே பைட்டுகளை மறுபடி அனுப்பியது, மீண்டும் ரசீது கேட்டது. இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் பெறுநர் முகவரியின் இருப்பைக் கர்ல் கட்டளையால் நானே கேட்டு, பதினறும எண்ணைக் கையால் மாற்றி, தரவுத்தளத்தின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பார்த்தேன். ஒரு வெய் கூட வேறுபடவில்லை.